அரிய சொல்லே எடை மிக்க சொல்

மொழியை ஆயும் உரிமை எவர்க்குரியது? இலக்கணம் கற்றவர்க்கா, எண்ணையும் எழுத்தையும் பொறியில் ஏற்றும் கணக்கறிஞர்க்கா? இவ்வினா இன்று தமிழ் கற்றோர் அனைவரையும் நோக்கி எழுந்து நிற்கின்றது. பொறிகள் எழுதுகின்றன, மொழிபெயர்க்கின்றன, கேட்ட வினாவிற்கு நொடிப்பொழுதில் விடை பகர்கின்றன. இவற்றைக் கண்டு வியப்போர் ஒருசாரார். வெருள்வோர் மற்றொரு சாரார். 'இஃது எம் துறையன்று' எனக் கைகட்டி ஒதுங்கி நிற்கும் புலவர் பெருமக்களோ இவ்விரு சாராரினும் பலர். அங்ஙனம் ஒதுங்கி நிற்றல் தகாது என்பதை ஓர் அம்மையாரின் வாழ்வைக் கொண்டே ஈண்டு விளக்க விழைகின்றோம். அவர் தமிழரல்லர், ஆங்கில நாட்டினர். ஆயினும் தமிழ் கற்றார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அவருடையது. கேரன் இசுபார்க்கு சோன்சு என்பது அப்பெயர்.

இங்கிலாந்தின் வடபால் யார்க்குசயர்ப் பகுதியிலுள்ள அடர்சுபீல்டு நகரில் 1935 ஆகத்து 26 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேதியியல் கற்பித்தவர். தாயார் நோர்வே நாட்டினர். இரண்டாம் உலகப் போரில் தம் நாடு செருமானியர் கைப்பட்ட காலத்து, இலண்டனிலிருந்து இயங்கிய நோர்வே அரசின் பணியில் இருந்தவர். இசுபார்க்கு என்பது தாயின் குடிப்பெயர். சோன்சு என்பது தந்தையின் குடிப்பெயர். அவ்விரண்டையும் ஒருங்கே தாங்கிய தம் பெயரை, 1958 இல் இரோசர் நீதம் என்னும் கணிப்பொறி அறிஞரை மணந்த பின்னரும் அவர் விட்டாரல்லர்.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் கிர்ட்டன் கல்லூரியில் அவர் பயின்றது கணக்குமன்று, பொறியியலுமன்று. 1953 முதல் 1956 வரை வரலாறு பயின்றார்; அதன்பின் ஓராண்டு மெய்யியல் பயின்றார். சின்னாள் பள்ளி ஆசிரியையாகவும் பணியாற்றினார். இதனை நம் ஆசிரியப் பெருமக்கள் ஊன்றி நோக்குக. இன்று உலகெங்கும் தேடுபொறிகளின் அடிக்கல்லாய்க் கிடக்கும் ஒரு கருத்தினைக் கண்டவர் வரலாறும் மெய்யியலும் கற்ற ஒரு பள்ளி ஆசிரியை ஆவர்.

அக்காலத்துக் கேம்பிரிட்சில் மார்கரெட்டு மாசுட்டர்மன் என்னும் அம்மையார் மொழி ஆய்வுக் குழு ஒன்றை நடத்தி வந்தார். விட்கென்சுடைன் என்னும் மெய்யியல் பேரறிஞரிடம் பாடங்கேட்டவர் அவர். சொல்லின் பொருளை அது வழங்கும் வழக்கினின்றே உணர்தல் வேண்டும் என்னும் நோக்குடைய பள்ளியில் வளர்ந்த அவர், பொறியைக் கொண்டு மொழிபெயர்க்க இயலுமா என ஆய்ந்து வந்தார். 1950-களின் பிற்பகுதியில் நீதம் வாயிலாக அக்குழுவில் சேர்ந்தார் கேரன் அம்மையார்.

அக்குழுவினர் கையிலெடுத்த கருவி யாது? 1852 இல் பீட்டர் மார்க்கு உரோசே வெளியிட்ட ஆங்கிலச் சொற்பொருட் களஞ்சியம். அகரமுதலி சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கும். களஞ்சியமோ பொருள் வரிசையில் அடுக்கும். இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. சேந்தன் திவாகரம் சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பன்னிரு தொகுதிகளாய்ப் பகுத்து வைத்த நெறியும் பொருள்வழிப் பகுப்பே. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டாயின், அத்தொடரில் எப்பொருள் பொருந்தும் எனப் பொறி எவ்வாறு அறியும்? அருகிலுள்ள சொற்கள் எத்தொகுதியைச் சார்ந்தவை எனப் பார்த்து அறியலாம். வேங்கை என்னுஞ் சொல் புலியையும் குறிக்கும், மரத்தையும் குறிக்கும். அருகில் பூவும் தளிரும் கிளையும் நிற்பின் அது மரம். உகிரும் பாய்ச்சலும் குருதியும் நிற்பின் அது புலி. இவ்வளவே அக்குழுவினர் கொண்ட முதற் கருத்து.

ஆனால் களஞ்சியத்தை மாந்தன் தன் மனம் போனவாறு பகுத்து வைத்துள்ளான் அன்றோ? அப்பகுப்பையே பொறி தானாக இயற்றிக் கொள்ளுமா? இவ்வினாவே கேரன் அம்மையாரின் முனைவர் பட்ட ஆய்வாயிற்று. ஒரு தொடரில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தாலும் பொருள் மாறாதாயின் அவ்விரண்டும் அவ்விடத்தில் ஒருபொருட் சொற்கள். இவ்வாறு ஆக்சுபோர்டு அகரமுதலியினின்று சிறுசிறு சொல்வரிசைகளைத் திரட்டி, எவ்வரிசைகள் தம்முள் சொற்களைப் பகிர்ந்து கொள்கின்றன எனக் கணித்து, அவற்றைக் கொத்துக் கொத்தாய்ப் பொறியே சேர்க்குமாறு செய்தார். இன்று 'பொறி கற்றல்' எனப் பெரும் பெயரால் வழங்கும் துறையின் ஒரு வித்து இது. எவரும் முன்கூட்டி விடை கூறாமலே தரவினின்று வகைப்பாட்டைத் தானே காணும் பொறியை, அத்துறை பெரும்பெயர் பெறாத காலத்திலேயே சொற்பொருளியலுக்கு அவர் பயன்படுத்தினார். 1964 இல் முடிந்த அவ்வாய்வு நூலாய் வெளிவந்தது 1986 இல். இடைப்பட்ட ஆண்டுகள் 22!

இதற்கிடையே துறைக்கே ஓர் இடி விழுந்தது. 1966 இல் அமெரிக்காவில் அமைந்த வல்லுநர் குழு ஒன்று, பொறி மொழிபெயர்ப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என அறிக்கை விடுத்தது. அரசின் நல்கை வற்றியது. ஆய்வாளர் பலர் வேறு வழி நோக்கினர். கேரன் அம்மையார் மொழியை விட்டாரல்லர். வினாவை மாற்றிக் கொண்டார். பொறி மொழிபெயர்க்க வேண்டா. நூற்குவியலுள் நாம் வேண்டும் நூலையேனும் தேடித் தருமா? இவ்வினாவினின்று பிறந்ததே 1972 இல் ஆவணவியல் இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை. அதன் கருத்து எளிது. எளிதாயிருப்பதாலேயே அதன் பெருமை எளிதிற் புலப்படுவதில்லை. ஆகலின் சற்று விரித்துரைப்போம்.

நூலகத்தில் நூல்களைத் தேடுவோர், பொதுச் சொல்லினும் சிறப்புச் சொல் பயனுடையது என்பதை முன்னரே அறிவர். பறவை என்று தேடினால் பல நூல்கள் வந்து குவியும். மீன்கொத்தி என்று தேடினால் சில நூல்களே வரும். ஆனால் ஒரு சொல் பொதுச்சொல்லா சிறப்புச்சொல்லா என்பதை அதன் பொருளைக் கொண்டே அதுவரை முடிவு செய்து வந்தனர். கேரன் அம்மையார் அந்நோக்கையே திருப்பினார். சொல்லின் சிறப்பை அதன் பொருளிற் பார்க்க வேண்டா. நம்மிடமுள்ள நூற்றொகுதியில் எத்தனை நூல்களில் அச்சொல் வருகின்றது என எண்ணிப் பார்க்கவேண்டும் என்றார். மீன்கொத்தி பொருளால் சிறப்புச் சொல்லே. எனினும் நூலகம் முழுவதும் மீன்கொத்தியைப் பற்றிய நூல்களே இருப்பின், அச்சொல்லால் ஒரு நூலை மற்றொன்றினின்று பிரித்தறிய முடியுமா? முடியாது. ஆங்கு அது வெறும் பொதுச் சொல்லே. எனவே சிறப்பு என்பது சொல்லில் மட்டும் இல்லை; அது நிற்கும் தொகுதியைப் பொறுத்தது.

கணக்காற் காட்டுவோம். நூலகத்தில் 1000 நூல்கள் உள்ளன என்க. 'நீர்' என்னுஞ் சொல் 500 நூல்களில் வருகின்றது. 'குமிழி' என்னுஞ் சொல் 10 நூல்களில் மட்டும் வருகின்றது. நூல்களின் தொகையைச் சொல் வரும் நூல்களின் தொகையால் வகுக்க. வந்த ஈவுக்கு இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை காண்க. நீருக்கு ஈவு 2, எடை 1. குமிழிக்கு ஈவு 100; எடை ஏறத்தாழ 6.64. எல்லா நூல்களிலும் வரும் 'ஒரு', 'என்று' போன்ற சொற்களுக்கு ஈவு 1, எடை சுழி. நீர்க்குமிழி பற்றித் தேடுவோர்க்கு, நீர் என்னுஞ் சொல் மட்டும் உள்ள நூலைவிடக் குமிழி என்னுஞ் சொல் உள்ள நூலே முன்னர் வந்து நிற்கும். நீரையும் பொறி அறவே தள்ளிவிடுவதில்லை. அதற்குரிய சிற்றெடையை அதற்கு அளிக்கின்றது. மிகுதியாய் வரும் சொல்லை வெட்டி எறிவதினும் அதனை அளந்து வைத்துக் கொள்வதே நன்று என்பது அவர் ஆய்ந்து காட்டிய முடிவு.

இவ்வொரு கணக்கே இன்றளவும் நிலைத்து நிற்கின்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செரார்டு சால்ட்டன் என்பார் நடத்திய தேடல் ஆய்வுகளில், ஒரு நூலினுள் ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்னும் எண்ணிக்கையோடு இவ்வெடையும் பெருக்கப்பட்டது. அப்பெருக்கமே உலகத் தேடுபொறிகள் பலவற்றுக்கும் தொடக்கப் பாடம் ஆயிற்று. இன்று விடை பகரும் பெரும் மொழிப்பொறிகள் பலவும், விடை கூறுமுன் ஆவணக் குவியலைத் தேடுங்கால் அவ்வழிப் பிறந்த எடைக் கணக்குகளையே துணைக் கொள்கின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தொல்காப்பியர் உரியியலில், யாவர்க்கும் வெளிப்படையாய் விளங்கும் சொற்களுக்குப் பொருள் கூறவேண்டா, விளங்காது நிற்கும் சொற்களுக்கே கூறவேண்டும் என வரையறுத்தார். இதனைக் காட்டி, 'கேம்பிரிட்சு அம்மையார் 1972 இல் கண்டதைத் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார்' என மேடையேறி முழங்க நம்மவருட் சிலர் விரைவர். அருள்கூர்ந்து விரையற்க! தொல்காப்பியர் உரைத்தது உரை கூறும் நெறி. அம்மையார் கண்டது எண்ணி எடையிடும் முறை. மிகப் பயின்ற சொல்லினும் அருகிப் பயின்ற சொல்லே கருத்தூன்றத் தக்கது என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது, அவ்வளவே. உணர்வு நம்மிடம் இருந்தது என்று மகிழலாம். அவ்வுணர்வைக் கணக்காக்கிப் பொறியிலேற்றி, நூறு முறை சோதித்து, உலகுக்குப் பயன்படச் செய்த உழைப்பைப் பிறர் செய்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிறர் உழைப்பை நம் முன்னோர் கணக்கில் வரவு வைப்பது முன்னோர்க்குப் பெருமையாகாது.

1976 இல் இசுடீபன் இராபர்ட்சன் என்பாருடன் சேர்ந்து அவர் அடுத்த படி ஏறினார். தேடுவோர் சில நூல்களைப் பார்த்து 'இது வேண்டும், இது வேண்டா' எனக் கூறின், அக்கூற்றினின்று பொறி கற்றுக்கொண்டு, எச்சொல்லுக்கு எவ்வளவு எடை தரலாம் எனத் திருத்திக் கொள்ளும். மாணாக்கன் ஆசிரியர் இட்ட சரி, தவறுகளைக் கண்டு கற்பது போன்றது இது. நிகழ்தகவு என்னும் கணக்கியல் இதற்கு அடிப்படை. இவ்வழியே வளர்ந்து, இலண்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் இராபர்ட்சனும் அவர்தம் குழுவினரும் 1994 அளவில் வடித்த வாய்பாடு இன்றும் தேடுபொறி மென்பொருள்களிற் பரவலாய் ஆளப்படுகின்றது.

இத்துணை செய்த அம்மையாரைப் பல்கலைக்கழகம் எங்ஙனம் நடத்திற்று? 1974 முதல் அவர் பணியாற்றியது கேம்பிரிட்சுக் கணிப்பொறி ஆய்வகத்தில். நெடுங்காலம் அவர் வாழ்ந்தது குறுங்கால நல்கைகளை நம்பியே. ஒரு நல்கை முடியுமுன் அடுத்ததற்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிடின் ஆய்வு நின்றுவிடும். பேராசிரியர் பதவி அவரை அடைந்தது 1999 இல். அப்போது அவர்தம் அகவை அறுபதைக் கடந்திருந்தது. மூன்றாண்டுகளில், 2002 இல், ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. உலகு அவரை அறியாமலில்லை. 1988 இல் தேடல் துறையின் சால்ட்டன் பரிசு; 1994 இல் கணிப்பு மொழியியற் கழகத்தின் தலைமை; 1995 இல் பிரித்தானியக் கலைக்கழக உறுப்பினர் தகுதி; 2004 இல் கணிப்பு மொழியியற் கழகத்தின் வாழ்நாட் பணிக்கான பரிசு. வெளியார் ஏத்தினர், வீட்டார் காலந் தாழ்த்தினர். கணிப்பொறித் துறையை ஆடவரிடம் மட்டும் விட்டுவிடலாகாது, அத்துணை இன்றியமையாதது அது என்னும் கருத்தை அவர் தம் இறுதிவரை வலியுறுத்தி வந்தமைக்குப் பொருள் இல்லாமற் போகவில்லை. அவர் மறைந்தது 2007 ஏப்பிரல் 4 இல். அமெரிக்காவின் புகழ்பெற்ற நாளிதழான நியூயார்க்கு டைம்சு, தான் முன்பு குறிக்காது விட்டோர்க்கு எழுதும் வரிசையில் அவர்க்கு இரங்கலுரை எழுதியது 2019 இல்!

பெண்மக்களின் அறிவை வீணாக்கும் குமுகாயம், தன் கண்ணைத் தானே குத்திக் கொள்ளும் குமுகாயமே. நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவியர் எத்துணையர்? அவருள் கணிப்பொறி மொழியியலை நாடுவார்க்கு நாம் காட்டும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பொறுப்பு கேம்பிரிட்சுக்கு மட்டும் உரியதன்று.

அம்மையாரின் மற்றுமொரு பண்பு நாம் போற்றிக் கொள்ளத் தக்கது. எவ்வகைக் கருத்தாயினும் அளந்து காட்டாமல் அவர் ஏற்பதில்லை. ஒரு தேடுமுறை நன்று என்றால், எந்நூற்றொகுதியில், எவ்வினாக்களுக்கு, எத்தனை சரியான விடைகளைத் தந்தது எனக் கேட்பார். பல ஆய்வாளரும் ஒரே தொகுதியில் சோதித்தாலன்றி ஒப்பிட இயலாது என்பதற்காகப் பொதுவான சோதனைத் தொகுதிகள் வேண்டுமென 1970-களிலேயே முயன்றார். 1992 இல் அமெரிக்க அரசின் அளவைகள் நிறுவனம் தேடுமுறைகளை ஒப்பிடும் ஆண்டு மாநாட்டைத் தொடங்கியபோது, அதற்கு உறுதுணையாய் நின்றார். மொழிப் பொறிகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கெனவே 1990-களில் மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து தனி நூலொன்றும் இயற்றினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கேரன் அம்மையாரின் கணக்கு ஆங்கிலத்துக்குச் செவ்வனே பொருந்திற்று. தமிழுக்கு அதனை அப்படியே எடுத்துப் பொருத்தின் என்னாகும்? 'மரம்' என்னும் ஒரு சொல் மரத்தை, மரத்தால், மரத்திற்கு, மரத்தின், மரத்தில், மரமும், மரத்தையும், மரங்களை, மரங்களுக்கு எனப் பல்கிப் பெருகும். வல்லெழுத்து மிகும் இடங்களில் மரத்தைக், மரத்தைத் என ஒற்றும் வந்து ஒட்டும். இலக்கணம் அறியாப் பொறிக்கு இவை யாவும் வெவ்வேறு சொற்கள். 1000 நூல்களுள் 400-இல் பயிலும் ஒரு சொல் அதன் உண்மை எடையாகப் பெறத்தக்கது 1.32. அச்சொல் இருபது வடிவங்களாய்ச் சிதறி, ஒவ்வொரு வடிவமும் இருபது நூல்களில் மட்டும் தென்படுமாயின், ஒவ்வொன்றும் பெறும் எடை 5.64. எங்குங் கிடைக்கும் எளிய சொல், அரிய சொல்லின் எடையை ஏமாற்றிப் பெற்றுவிடும். 'மரத்தை' எனத் தேடுவோர்க்கு 'மரங்களின்' எனத் தலைப்பிட்ட நூல் அகப்படாது.

இதனைத் தீர்க்கும் அறிவு எங்குள்ளது? நன்னூற் பதவியலில் உள்ளது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நாம் பள்ளியில் நாடோறும் கற்பிக்கும் உறுப்பிலக்கணத்தில் உள்ளது. மரம், அத்து, ஐ எனப் பிரிக்கத் தமிழாசிரியர் அறிவார். இன்றைய பெரும் மொழிப்பொறிகளும் சொற்களைத் துண்டாக்கியே கொள்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை துண்டாக்குவது பதவியலைக் கொண்டன்று, எத்துண்டு மிகுதியாய் வந்தது என்னும் எண்ணிக்கையைக் கொண்டு. ஆங்கில எழுத்து மிகுந்த தொகுதிகளில் இவ்வெண்ணிக்கை எடுக்கப்படுவதால், தமிழ்ச் சொல் பல சிதறல்களாய் வெட்டுண்ணும் நிலை மிகுதி. வெட்டும் கைக்கு நம் மொழியின் மூட்டு எங்குளது எனக் காட்ட வேண்டியவர் நாமே அல்லமோ?

மற்றொரு சிக்கலையும் மறைக்காது உரைப்போம். இது நம்மனோர் ஆர்வத்தின் விளைவு. ஒரே கருவிக்குக் கணினி என்பார் ஒருவர். கணிப்பொறி என்பார் ஒருவர். கணிப்பான் என்பார் மற்றொருவர். ஈழத்தில் கணனி என்பாரும் உளர். ஒவ்வொன்றும் நற்றமிழே. ஆயினும் எண்ணும் பொறிக்கு ஒரு பொருள் நான்காய்ச் சிதறுகின்றது. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்ற மூன்றும் மறைகின்றன. புதுச் சொல் ஆக்குவது வீறுடைய பணி. ஆக்கிய சொற்களை ஒருங்கு திரட்டி, இஃது இதற்கு ஈடு என ஒருபொருட் கொத்துகளாய் அடுக்கி வைப்பது பொறுமையுடைய பணி. முன்னதற்கு நம்மிடையே ஆள் மிகுதி. பின்னதற்கு ஆள் குறைவு. கேரன் அம்மையார் தம் இளமையைச் செலவிட்டது பின்னதற்கே என்பதை நினைவிற் கொள்க.

எனவே நம் புலவர் பெருமக்கள் முன் வைக்கும் வேண்டுகோள் இவை. தத்தம் ஊர் வழக்குச் சொற்களையும் துறைச் சொற்களையும் பொருளோடும் எடுத்துக்காட்டுத் தொடரோடும் திரட்டுக. பிழையின்றி மெய்ப்புப் பார்த்த தமிழ்ப் பனுவல்களைப் பொறியிலேற்றி யாவர்க்கும் பொதுவாக்குக. வேர்ச்சொல் இது, ஒட்டு இது எனப் பகுத்த பட்டியல்களை இயற்றுக. தமிழில் வினாவும் அதற்குரிய சரியான விடையும் அடங்கிய சோதனைத் தொகுதிகளை அமைத்து, எப்பொறி தமிழறியும், எப்பொறி அறியாது என்பதை எண்ணாற் காட்டுக. கணிப்பொறி கற்ற இளைஞரோடு ஒரே பலகையில் அமர்ந்து பணியாற்றுக. அவர்க்கு இலக்கணம் தெரியாது என எள்ளற்க. நமக்குக் கணக்குத் தெரியாது என நாணற்க. வரலாறு பயின்ற ஆசிரியை ஒருவர் மடக்கைக் கணக்கைத் தம் கைக்கருவியாக்கிக் கொண்டார் எனில், நன்னூல் பயின்ற ஆசிரியர்க்கு அஃது இயலாதா?

மொழியை ஆயும் உரிமை எவர்க்குரியது என்று தொடக்கத்தே வினவினோம். சொல்லைப் பொறுமையோடு எண்ணுவார்க்கும் அதன் பொருளை அன்போடு ஆராய்வார்க்கும் அது பொது உரிமை. அவ்விருவரும் ஒருவராகவே இருந்தமையால் கேரன் அம்மையார் உயர்ந்தார். அவ்விருவரும் நம்மிடையே ஒருவரை ஒருவர் அறியாது பிரிந்தே வாழ்வாராயின், நாளைய பொறி தமிழைப் பேசும். ஆனால் அது நம் தமிழாய் இராது. தமிழ் கற்றீர்! எழுமின், பணி காத்திருக்கின்றது.